எல்லைப்புறக் கதைப்பாடல்களில் எதிர்நிலை மாந்தரும் கருவியும்: பாறசாலை – நெய்யாற்றின்கரைப் பகுதியை முன்வைத்து

முன்னுரை

நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் 'அம்மச்சிப் பிலா' என வழங்கும் பழம் பலாமரத்தின் அடிமரம் பேணப்பட்டு வருகிறது. பகைவர் துரத்த ஓடிவந்த இளவரசர் மார்த்தாண்டவர்மா இம்மரப் பொந்தில் ஒளிந்து உயிர்பிழைத்தார் என்பது அவ்வூர் வழக்கு. இவ்வழக்கில் துரத்தப்படுபவர் நல்லவர், துரத்துபவர் தீயவர். அங்கிருந்து தெற்கே பாறசாலையையும் களியக்காவிளையையும் கடந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் சென்றால் நாகர்கோவில் வரும். அவ்வூர் அரண்மனையைக் களமாகக் கொண்ட தம்பிமார் கதையில் அதே மார்த்தாண்டவர்மா நம்பி வந்தவரைக் கொல்வித்தவராக நிற்கிறார். ஒரே மனிதர், ஒரே பகை, ஒரே நிலப்பரப்பு. ஆயினும் நன்மை தீமை என்னும் இருநிலைகளும் இடம்மாறிவிடுகின்றன.

இந்த இடமாற்றத்தைக் கதைசொல்லியின் சார்பு என்று மட்டும் கூறி நிறுத்திவிடுதல் ஆய்வுக்குப் போதாது. தென் திருவிதாங்கூர்க் கதைப்பாடல்கள் ஒருவனை எதிர்நிலை மாந்தனாக ஆக்குவதற்கு எதனை அளவுகோலாகக் கொள்கின்றன? கத்தி, வாள், துப்பாக்கி, பீரங்கி முதலிய கருவிகளுக்கு அவ்வளவுகோலில் இடம் உண்டா? நாவல், திரைப்படம், கதையாட்டம் என வேறு ஊடகங்களுக்கு இக்கதைகள் மாற்றப்படும்போது அவ்வளவுகோல் என்னவாகிறது? இம்மூன்று வினாக்களுக்கும் விடைகாண இக்கட்டுரை முயல்கிறது. நீலி கதை, இரவிக்குட்டிப்பிள்ளை போர், தம்பிமார் கதை, தேவசகாயம் பிள்ளை வழக்காறு ஆகிய நான்கும் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

ஆய்வுக்களத்தின் அமைப்பு

1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. பாறசாலையை உள்ளடக்கிய நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு ஆட்சியைப் பிரித்ததேயன்றிக் கதைகளைப் பிரிக்கவில்லை. மாடன் தம்புரான், யட்சி, பத்திரகாளி வழிபாடும், கொடைவிழாவில் வில்லடிக்கும் வழக்கமும் கோட்டின் இருபுறமும் உரியன. எனினும் ஆய்வுலகம் இப்பாடல்களைப் பங்கிட்டுக்கொண்டது. தமிழ் ஆய்வில் இவை 'கதைப்பாடல்' எனவும், மலையாள ஆய்வில் 'தெக்கன் பாட்டு' எனவும் பெயர்பெற்றன. தமிழும் மலையாளமும் விரவிய இப்பாடல்களின் மொழியை ஒரு தரப்பு மலையாளத்தின் பழைய வட்டார வடிவமாகவும், மறுதரப்பு தமிழின் எல்லை வழக்காகவும் காண்கிறது. ஒரு கதையின் இரு பக்கங்களையும் ஒருங்கே வைத்துப் படிக்கும் வாய்ப்பு இப்பங்கீட்டால் குறைந்துபோனமை கருதத்தக்கது. எதிர்நிலை மாந்தரைப் பற்றிய ஆய்வுக்கு இக்குறைபாடு பெரிதும் தடையாகிறது. ஒரு பக்கத்துத் தீயவன் மறுபக்கத்துத் தெய்வமாக இருக்கக்கூடும் என்பதே அதற்குக் காரணம்.

வில்லின் முன் மாறும் கதை

வில்லுப்பாட்டு காப்பு, குருவணக்கம், வருபொருள் உரைத்தல், கதை, வாழி என்னும் ஒழுங்கில் நடைபெறுவது. வில்லின் நாணை வீசுகோலால் அடித்துப் பாடும் தலைமைப் புலவரும், குடம், உடுக்கு, தாளம், கட்டை ஆகியவற்றோடு துணைநிற்போரும் சேர்ந்து கதையை நிகழ்த்துவர். இந்நிகழ்த்துதலில் ஏட்டுப் பனுவல் ஒரு பகுதியே. சாமியாடி அருள்கொள்ளும் வேளை நெருங்கினால் பாட்டின் நடை விரையும். அருள் வரவில்லையெனில் அதே கட்டம் மீண்டும் நீட்டிப் பாடப்படும். தலைமைப் புலவர் அரசனாகவும் பகைவனாகவும் தாயாகவும் மாறிமாறிப் பேசுவார். துணைப் பாடகர் 'ஆமாம்' போட்டும் இடைவினா எழுப்பியும் கதையின் போக்கைத் திருப்புவர்.

வில்லுப்பாட்டை விரிவாக ஆராய்ந்த ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், 1988-இல் வெளிவந்த தம் நூலில், தெய்வப் பிறப்புக் கதைகளையும் இறப்புக் கதைகளையும் வேறுபடுத்திக் காட்டினார். வன்முறையால் மாண்டவர் தெய்வமாகும் இறப்புக் கதைகளே கொடையின் சடங்கு உச்சத்தோடு நெருங்கிய தொடர்புடையவை. அத்தெய்வங்களுக்கு 'வெட்டுப்பட்ட வாதை' என்னும் பெயரும் வழங்குகிறது. இக்கட்டுரைக்கு அடிப்படையான செய்தி இதுவே. கதைத்தலைவன் வென்றதனால் அன்று, கொல்லப்பட்டதனாலேயே பாடப்படுகிறான். ஆகவே அவனைக் கொன்றவன் யார், எவ்வாறு கொன்றான் என்பவை கதையின் நடுப்பொருளாகின்றன.

இவ்வமைப்பை மேலும் தெளிவுபடுத்த அயல்நாட்டு ஆட்டமரபு ஒன்றை ஒப்பிடலாம். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகியோர் உருவாக்கி வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்பது மேசையைச் சுற்றியமர்ந்து வாய்மொழியாக ஆடப்படும் கதையாட்டம். ஆடுவோர் ஒவ்வொருவரும் ஒரு வீரனின் பங்கை ஏற்பர். ஆட்ட நடத்துநர் ஒருவர் உலகத்தையும் அதிலுள்ள பகைவர் அனைவரையும் ஏற்றுப் பேசுவார். வாளும் மந்திரமும் நிறைந்த அவ்வுலகில் துப்பாக்கியை நுழையவிடலாமா, பகைவனுக்கு எத்துணை வலிமை தரலாம் என்பன அவ்வாட்டத்தினர் நெடுங்காலமாக எதிர்கொள்ளும் வினாக்கள். துப்பாக்கியை அறவே விலக்குதல், அதனை அரும்பொருளாக்குதல், பகைவனின் வலிமையை ஆடுவோரின் வலிமைக்கேற்பக் கூட்டிக்குறைத்தல் என அவர்கள் கையாளும் தீர்வுகள் பெரும்பாலும் வலிமைக் கணக்கைச் சார்ந்தவை.

வில்லுப்பாட்டுப் புலவரும் ஒருவகையில் இத்தகைய நடத்துநரே. ஆயினும் ஆட்டத்தின் முடிவு திறந்திருக்கிறது. கதைப்பாடலின் முடிவு முன்பே அறியப்பட்டது. கேட்போர் அனைவரும் தலைவன் சாவான் என்பதை அறிந்தே அமர்ந்திருக்கின்றனர். எனவே பகைவனின் வலிமையைக் கூட்டிக்குறைக்கும் தேவை புலவருக்கு இல்லை. அவர் காட்ட வேண்டியது வேறொன்று.

நீலி: கைவிட்ட கத்தி

பழையனூர் நீலி கதை தொண்டைநாட்டுத் திருவாலங்காட்டோடு தொடர்புடையது. அது தெற்கே வந்து பஞ்சவன்காட்டு நீலி எனவும் கள்ளியங்காட்டு நீலி எனவும் வேரூன்றியது. முற்பிறப்பில் தன்னைக் கொன்ற கணவனைப் பழிவாங்க வரும் பேயை வணிகன் எதிர்கொள்கிறான். அவனைக் காப்பது அவன் கையிலுள்ள இரும்புக் கத்தி. நீலி கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, ஊர்ச் சபையாரிடம் கைவிடப்பட்ட மனைவியாக முறையிடுகிறாள். சபையார் அவள்மீது இரங்குகின்றனர். கத்தியைக் கைவிட்டு அவளோடு தங்குமாறு வணிகனைப் பணிக்கின்றனர். அவன் உயிருக்குத் தாம் பிணை நிற்பதாக வாக்களிக்கின்றனர். இரவில் அவன் இறக்கிறான். வாக்குத் தவறிய வேளாளர் எழுபதின்மரும் தீப்பாய்ந்து மாள்கின்றனர்.

இக்கதையில் கருவி முழு ஆற்றலுடையது. கத்தி இருக்கும்வரை நீலியால் எதுவும் செய்ய இயலவில்லை. அக்கத்தியை வெல்லும் ஆற்றலும் அவளுக்கு இல்லை. அவள் அதை வாங்கச் செய்கிறாள். பறித்தது பேயன்று, சபை. இங்கு எதிர்நிலையின் ஆற்றல் நம்பகத்தன்மையைப் போலியாகப் படைப்பதில் அடங்கியுள்ளது. மேலும் நீலியும் ஒருகாலத்தில் நம்பிக் கொல்லப்பட்டவள். ஆகவே அவளை முழுத் தீமையாகக் கதை காட்டவில்லை. தெற்கில் அவள் கோயில்கொண்ட தெய்வமும் ஆனாள்.

இதனோடு கொட்டாரத்தில் சங்குண்ணி தொகுத்த 'ஐதிக்யமாலை'யின் கடமற்றத்துக் கத்தனார் கதையை ஒப்பிடுதல் பயனுடையது. அங்கு யட்சியின் தலையில் இரும்பாணி அறையப்படுகிறது, அவள் அடங்குகிறாள். இரும்பு பேயை வெல்கிறது என்பதோடு சிக்கல் தீர்ந்துவிடுகிறது. நீலி கதையிலோ இரும்பின் ஆற்றல் ஐயத்திற்கு இடமற்றது. அதை ஏந்தியவன்மீது ஊர் கொண்ட ஐயமே கதையை நடத்துகிறது. நம்பிக்கைத் துரோகம் என்னும் அளவுகோல் இக்கதையிலேயே தெளிவாகிறது.

இரவிக்குட்டிப்பிள்ளையும் இராமப்பய்யனும்

கொல்லம் ஆண்டு 810, அதாவது கி.பி. 1635-இல், நாகர்கோவிலை அடுத்த கணியாகுளத்தில் மதுரைத் திருமலை நாயக்கரின் படைக்கும் வேணாட்டுப் படைக்கும் போர் நிகழ்ந்தது. வேணாட்டுத் தளபதி இரவிக்குட்டிப்பிள்ளை அப்போரில் மாண்டார். மதுரைப் படையை நடத்தியவன் இராமப்பய்யன். இரவிக்குட்டிப்பிள்ளை போர் என்னும் கதைப்பாடல் இந்நிகழ்ச்சியைப் பாடுகிறது. வெட்டுண்ட தலையைப் பகைவர் பாசறையிலிருந்து காளி நாயர் மீட்டுவருதல் இப்பாடலின் உருக்கமான கட்டம்.

வெளிப்பகைவன் இராமப்பய்யன், அவனிடம் பெரும்படை உண்டு. ஆயினும் பாடலின் கடுஞ்சினம் அவன்மீது பாயவில்லை. தன் தளபதியின் புகழைப் பொறாது பகைவனோடு உள்ளுறவு கொண்டு, போர்க்களத்தில் அவனைத் தனியே விட்டு விலகிய உள்நாட்டுப் பிள்ளைமார்மீதே அது பாய்கிறது. தலைவன் படைவலிமையால் வீழ்ந்தான் என்று பாடுவதைவிடக் கைவிடப்பட்டதால் வீழ்ந்தான் என்று பாடுவதே பாடலுக்கு இன்றியமையாதது. எட்டுவீட்டுப் பிள்ளைமார் என்னும் பெயர் ஒரு நூற்றாண்டுக்குப் பின் மார்த்தாண்டவர்மா காலத்துக் கதைகளிலும் எதிர்நிலையின் பெயராக மீண்டும் வருகிறது. அவர்களுள் ஒருவரின் பெயரில் அமைந்த பள்ளிச்சல் இன்றும் நெய்யாற்றின்கரை வட்டத்து ஊர். வாழும் ஊர்களின் பெயரால் தீமை அழைக்கப்படுகிறது என்பது இவ்வட்டாரக் கதைகளின் சிறப்புக்கூறு; அதனாலேயே அவற்றை மறுபடைப்புச் செய்வோர் கவனத்தோடு இருத்தல் வேண்டும்.

இதே இராமப்பய்யன் 'இராமப்பய்யன் அம்மானை'யில் தலைவனாகிறான். இராமநாதபுரத்துச் சடைக்கன் சேதுபதிமீது அவன் படையெடுத்ததைப் பாடும் அந்நூலில் பரங்கியர் துணையும், இராமேசுவரத் தீவை அடையக் கடலை அடைத்து வழியமைத்தலும் இடம்பெறுகின்றன. கருவியும் பொறிநுட்பமும் அங்குப் பெருமிதத்தோடு பேசப்படுகின்றன. இவ்வேறுபாடு மேற்கண்ட கருத்துக்கு மறுப்பாகத் தோன்றலாம். நுணுகி நோக்கின் அது கருத்தை வரையறுக்க உதவுகிறது. படையெடுத்துச் சென்றவனின் பாடல் கருவியைப் பாடுகிறது. வெட்டுப்பட்டவனின் பாடல் வாக்கையும் அது முறிந்ததையும் பாடுகிறது. கருவியின் மதிப்பு பாடப்படும் மாந்தரின் முடிவைச் சார்ந்தது எனலாம். எனவே 'கதைப்பாடல்கள் கருவியைப் பொருட்படுத்துவதில்லை' என்று பொதுமைப்படுத்துதல் பொருந்தாது. இறப்புக் கதைகளுக்கே அக்கூற்று உரியது.

மதுரையில் 1764-இல் தூக்கிலிடப்பட்ட கான்சாகிபுவின் கதை இதற்கு மேலும் ஒரு சான்று. அவர் பீரங்கி வார்ப்பித்தவர், வெடிமருந்து செய்வித்தவர், நீண்ட முற்றுகையைத் தாங்கியவர். நா. வானமாமலை பதிப்பித்து 1972-இல் வெளிவந்த 'கான்சாகிபு சண்டை'யில் போர்க்கருவிகள் மிகுதியாக வருகின்றன. ஆயினும் கோட்டை பீரங்கியால் வீழவில்லை. உடனிருந்தோர் காட்டிக்கொடுத்ததால் தலைவன் பிடிபட்டான். கருவி நிறைந்த கதையிலும் முடிவைத் தீர்மானிப்பது நம்பிக்கை முறிவே.

தம்பிமார் கதையும் 'மார்த்தாண்டவர்மா' நாவலும்

மார்த்தாண்டவர்மா 1729 முதல் 1758 வரை திருவிதாங்கூரை ஆண்டார். அவருக்கு முன் ஆண்ட இராமவர்மாவின் மக்களே வலியதம்பி, குஞ்சுதம்பி எனப்படும் தம்பிமார். மருமக்கள்தாய முறைப்படி அரசுரிமை மருமகனுக்கே உரியது. மக்களுக்கு உரிமை கோரிய தம்பிமாருக்கும் புதிய அரசருக்கும் இடையே பகை மூண்டது. 1878-இல் வெளிவந்த பி. சங்குண்ணி மேனனின் திருவிதாங்கூர் வரலாறு தம்பிமாரை அரசுக்கு எதிராகச் சூழ்ச்சி செய்தவராகக் காட்டுகிறது. கதைப்பாடலோ அரசர் அவர்தம் தங்கையை விரும்பியதையும் அவ்வுறவு கைகூடாமற் போனதையும் பகையின் வேராக்கி, அரண்மனைக்கு வந்தவரைக் கொன்ற வஞ்சகமாக அந்நிகழ்ச்சியைப் பாடுகிறது.

1891-இல் வெளிவந்த சி.வி. இராமன்பிள்ளையின் 'மார்த்தாண்டவர்மா' மலையாளத்தின் முதல் வரலாற்று நாவல். அதில் பத்மநாபன் தம்பி காமமும் பேராசையும் உருவெடுத்தவன். அவனுக்கு வழிகாட்டும் சுந்தரய்யன் சூழ்ச்சியின் உருவம். இளவரசர் துரத்தப்படும் நல்லவர். அனந்தபத்மநாபன் மாறுவேடம் பூண்டு அவரைக் காப்பவன். கதைப்பாடலில் கொலையுண்டவன் நாவலில் கொலை சூழ்பவனாகிறான்.

இம்மாற்றத்தை வெறும் தலைகீழாக்கம் எனக் கொள்ளுதல் பொருந்தாது. அளவுகோலே மாறியிருக்கிறது என்பதே இங்குக் கருதத்தக்கது. கதைப்பாடலில் மன்னன் இயல்பால் தீயவன் அல்லன். ஒரு செயலால் பழிக்கு உரியவனாகிறான். அச்செயல் நிகழாதிருந்தால் அவன் தம்பிமாரின் மைத்துனனாகவே ஆகியிருப்பான். நாவலில் தம்பியின் தீமை செயலுக்கு முன்பே அவன் இயல்பில் இருக்கிறது. தோற்றம், ஒழுக்கம், பேச்சு அனைத்தும் அதனை முன்னறிவிக்கின்றன. செயலில் இருந்த தீமை ஆளுக்குள் குடிபுகுந்துவிட்டது. நாவலில் கருவிகளுக்கும் நுட்பங்களுக்கும் கிடைக்கும் புதிய இடம் இதன் தொடர்ச்சியே. மாறுவேடம், சாரோட்டு அரண்மனைச் சுரங்கவழி, பட்டாணியரின் மருத்துவம் ஆகியவை கதையை நகர்த்துகின்றன. தீமை ஆளுக்குள் நிலைபெற்றுவிட்டால் எஞ்சுவது அவனை எப்படி வெல்வது என்னும் வினாவே. அவ்வினாவுக்குக் கருவியும் உத்தியும் விடையாகின்றன.

நாவலாசிரியரைக் குறைகூறுவது இவ்வொப்பீட்டின் நோக்கம் அன்று. நாட்டரசின் உருவாக்கத்தைப் பாடவந்த நாவலுக்கு அரசுக்கு எதிரானவன் தீயவனாக இருத்தல் தேவை. கொலையுண்டவரின் ஆவியை அமைதிப்படுத்தப் பாடும் பாட்டுக்கு, அவருக்கு இழைக்கப்பட்ட தீங்கு ஊரறிய உரைக்கப்படுதல் தேவை. இரு தேவைகளும் மெய்யானவை. அவற்றுள் ஒன்று மட்டும் அச்சேறிப் புகழ்பெற்று, மற்றொன்று 'பாமரர் கட்டிய கதை' என ஒதுக்கப்பட்டதே நேர்ந்த இழப்பு.

துப்பாக்கியின் வாய்மை

துப்பாக்கியும் பீரங்கியும் இவ்வட்டார நினைவில் எவ்வாறு நிலைபெற்றன என்பதற்கு 18-ஆம் நூற்றாண்டின் இரு மனிதர் சான்றாவர். 1741-இல் குளச்சல் போரில் டச்சுப் படையைச் சேர்ந்த டிலனாய் திருவிதாங்கூரிடம் சிறைப்பட்டார். பின்னர் அவரே திருவிதாங்கூர்ப் படைக்கு ஐரோப்பிய முறைப் பயிற்சி தந்து 'வலிய கப்பித்தான்' ஆனார். உதயகிரிக் கோட்டையில் பீரங்கி வார்ப்புப் பணியும் நடைபெற்றது. 1777-இல் மறைந்த அவர் அக்கோட்டையிலேயே அடக்கம் செய்யப்பட்டார். புதிய கருவியோடு வந்த அயலார் ஒருவர் பகைவர் நிலையிலிருந்து உற்றவர் நிலைக்கு மாறியதை அவர் வாழ்வு காட்டுகிறது. கருவி மாறவில்லை, அவர் அளித்துக் காத்த நம்பிக்கையே அவரை இடம்மாற்றியது.

அவரோடு பழகிக் கிறித்தவரானவர் நட்டாலத்து நீலகண்டபிள்ளை. 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆன அவர், 1752 சனவரி 14-ஆம் நாள் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-ஆம் நாள் புனிதர் பட்டம் பெற்றார். இவர் இறப்பைப் பற்றி வழங்கும் மரபுக்கதை ஒன்று இவ்வாய்வுக்கு மிகவும் தேவையானது. வீரர்களால் அவரைச் சுட இயலவில்லை; அவரே துப்பாக்கியைக் கையில் வாங்கி, அதற்கு ஆசி அளித்துத் திருப்பித் தந்தார்; அதன் பின்னரே அது அவர் உயிரைப் பறித்தது என்பது அக்கதை.

வரலாற்று உண்மையாக இதனை நிறுவுதல் ஈண்டு நோக்கமன்று. இதன் கதையமைப்பு நீலி கதையின் மறுதலையாக இருப்பது நோக்கத்தக்கது. அங்கு வணிகன் காப்புக் கத்தியை விருப்பமின்றிக் கைவிடுகிறான். இங்குக் கொலைக்கருவியைக் கொல்லப்படுபவரே விரும்பி இயங்கவிடுகிறார். இரு கதைகளிலும் கருவி தானாக முடிவெடுப்பதில்லை. வாளும் கத்தியும் வழங்கிய காலத்து இலக்கணம் துப்பாக்கிக் காலத்திலும் உடையாமல் தொடர்கிறது. சமயம் மாறியபோதும் அது மாறவில்லை. புதிய நுட்பம் பழைய கதையுலகில் நுழைந்தால் அவ்வுலகம் சிதையும் என்னும் கதையாட்டத்தினரின் அச்சத்திற்கு இவ்வட்டாரம் தரும் விடையாக இதனைக் கொள்ளலாம்.

ஒலிபெருக்கி முதல் திரை வரை

கதைக்குள் வரும் கருவியைப் போலவே கதையைக் கொண்டுசெல்லும் கருவியும் ஆராயத்தக்கது. பனையோலையிலிருந்து அச்சுக்கும், அச்சிலிருந்து ஒலிநாடாவுக்கும் குறுந்தகட்டுக்கும் வில்லுப்பாட்டு நகர்ந்தது. ஆர்மோனியமும் ஒலிபெருக்கியும் மேடையில் இடம்பெற்றன. நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்த என்.எஸ். கிருஷ்ணன் வில்லைக் கோயில் முற்றத்திலிருந்து பொதுமேடைக்குக் கொணர்ந்தார். சுப்பு ஆறுமுகம் (1928–2022) அதனை வானொலி, தொலைக்காட்சி வழியாகத் தமிழகமெங்கும் பரப்பினார். காந்தியடிகள் வரலாறும் சமூகச் சீர்திருத்தமும் பாடுபொருளாயின. அம்மேடையில் எதிர்நிலையாக நின்றவை பெரும்பாலும் சமூகக் கேடுகள். கொலையுண்டவர் தெய்வமாகி வந்து கேட்கும் களம் அது அன்று. வில்லின் ஒலி எட்டிய எல்லை விரிந்தது. அதன் சடங்குப் பொறுப்பு சுருங்கியது.

பதிவு செய்யப்பட்ட பாட்டுக்கு மற்றுமொரு வரம்பு உண்டு. அருள் வரவில்லையென்று அது காத்திராது. கேட்போரின் முகம் பார்த்து ஒரு பகைவனுக்கு மேலும் இரண்டு அடி இரக்கம் காட்டாது. வெள்ளாயணிக் காளியூட்டில் பத்திரகாளியும் தாரிகனும் உயர்ந்த பரண்களில் நின்று பொருதும் பரணேற்றோடு இதனை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். அங்குத் தாரிகன் அழிக்கப்பட வேண்டியவன்; ஆயினும் அவனுக்கென ஒரு பரண் எழுப்பப்படுகிறது, அவன் பங்கை ஏற்கவும் ஒருவர் முறைப்படி நிற்கிறார். எதிர்நிலைக்கும் உரிய இடம் தரப்படுவதை நிகழ்த்துகலை மறப்பதில்லை.

திரைப்படத்தின் நிலை வேறு. நாகர்கோவிலைச் சேர்ந்த சுந்தர்ராஜ் தயாரிக்க, பி.வி. ராவ் இயக்கத்தில் 1933-இல் 'மார்த்தாண்டவர்மா' நாவல் ஊமைப்படமாயிற்று. நாவலை வெளியிட்ட கமலாலயா புத்தகக் கடை பதிப்புரிமை வழக்குத் தொடுத்ததால் அப்படத்தின் திரையிடல் தடைப்பட்டது. குரலற்ற திரையில், கொடுத்த வாக்கும் மீறிய வாக்கும் செவிவழி எட்டா. முகமும் வாளும் விரைந்து எட்டும். எதிர்நிலை செயலிலிருந்து உருவத்திற்கு இடம்பெயர ஊடகத்தின் இயல்பும் ஒரு காரணம் என்பது இதனால் பெறப்படும்.

2025-இல் வெளிவந்த, டொமினிக் அருண் இயக்கிய 'லோகா' என்னும் மலையாளப் படம் கள்ளியங்காட்டு நீலியை இன்றைய பெங்களூரில் வாழும் காப்புவீரியாக்கியது. அச்சுறுத்திய யட்சி காப்பவளானாள். பண்டைய அரசனும் இன்றைய காவல் அதிகாரியும் எதிர்நிலையில் நிற்கின்றனர். நீலிக்கு இழைக்கப்பட்ட பழந்தீங்கை நினைவூட்டும் வகையில் இது வரவேற்கத்தக்க மாற்றமே. எனினும் கத்தியைக் கைவிடச்செய்த ஊர்ச்சபை, பிணைநின்ற வாக்கு, எழுபதின்மரின் தீப்பாய்தல் ஆகிய மூன்றும் இப்புதிய கதைக்குத் தேவைப்படவில்லை. நீலி நல்லவளானாள், ஆனால் நல்லவரென நம்பப்பட்ட ஊரார் தம் இரக்கத்தாலேயே ஒருவனைக் கொல்லக் கொடுத்தனர் என்னும் கசப்பு கதையிலிருந்து நீங்கிற்று. தீயவரை நல்லவராக மாற்றுதல் எளிது; தீமை எங்கே நிகழ்ந்தது என்பதை இழக்காமல் மாற்றுதல் அரிது.

இந்நோக்கில் மேசைக் கதையாட்டம் திரையைவிட வில்லுக்கு நெருக்கமானது. அங்கும் ஒருவர் பல குரலில் பேசுகிறார். கேட்போரின் மறுமொழி கதையைத் திருப்புகிறது. எந்த ஆட்டமும் மற்றொன்றைப் போல அமைவதில்லை. தென் திருவிதாங்கூர்க் கதைகளை அத்தகைய ஆட்டமாக அமைக்க முனைவோர் இராமப்பய்யனுக்கு எத்தனை பீரங்கி தரலாம் எனக் கணக்கிடுவதைவிட, இரவிக்குட்டிப்பிள்ளையின் அருகில் நிற்பவர் எந்த நொடியில் விலகுவார் என்பதை அமைப்பதே மரபுக்கு இசைவானது. நீலி கதையில் ஆடுவோரை வணிகனாக்குவதினும் ஊர்ச்சபையாக்குவது கதையின் உயிரைக் காக்கும். அப்போது கத்தியை வாங்கும் முடிவை அவர்களே எடுக்க நேரும்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. தென் திருவிதாங்கூர் இறப்புக் கதைகளில் எதிர்நிலை என்பது ஆளின் இயல்பாகவோ கருவியின் வலிமையாகவோ அமைவதில்லை. நம்பிக்கையை முறித்த செயலாக அமைகிறது. ஆதலால் கத்தி துப்பாக்கியாக மாறினாலும், வணிகன் தளபதியாக மாறினாலும் கதையின் இலக்கணம் நிலைக்கிறது. படையெடுப்புப் பாடல்களில் கருவிக்கு வேறு மதிப்பு உண்டு. நாவலும் திரையும் தீமையைச் செயலிலிருந்து ஆளுக்கு இடம்மாற்றியபோது கருவியும் உத்தியும் முதன்மை பெற்றன.

இவை இலக்கிய உத்தி பற்றிய முடிவுகள் மட்டும் அல்ல. கொலையுண்டவரைத் தெய்வமாக வழிபடும் நிலப்பரப்பில் ஒருவரை 'வில்லன்' என முத்திரை குத்துவது ஏதோவொரு பீடத்தின் முன் சொல்லப்படும் சொல். நெய்யாற்றின்கரைப் பலாமரமும் தம்பிமார் கதையும் ஒன்றையொன்று பொய்ப்பிக்கவில்லை. துரத்தப்பட்டவரே பின்னர்த் துரத்துபவரானார் என்பதை இரண்டும் சேர்ந்தே உரைக்கின்றன. அவ்வுண்மை இரு மாநில ஆய்வகங்களில் பாதிபாதியாகக் கிடக்கிறது. கதைப்பாடல், தெக்கன் பாட்டு என்னும் இரு பெயர்களுக்கும் உரிய ஏடுகளையும் ஒலிப்பதிவுகளையும் பக்கம்பக்கமாக வைத்துப் பதிப்பிக்கும் பணியைத் தமிழ், மலையாளத் துறைகள் இணைந்து மேற்கொள்ளுதல் வேண்டும். இப்பாடல்களின் கலப்புமொழியை இருபுறமும் பொருள்கொள்ள வல்ல முதிய புலவர் வாழும் காலத்திலேயே அப்பணி தொடங்கப்படுதல் இன்றியமையாதது.